புருடையை அறுத்தவன்

இரண்டாவது லேனில் மட்டும் இறங்காதீர்கள் தம்பி. ஒன்றில் இறங்குங்கள், நான்கில் இறங்குங்கள், குழந்தைகள் மிதக்கிற அந்தச் சின்னத் தொட்டியில்கூட இறங்குங்கள், நான் சிரிக்க மாட்டேன். இரண்டாவது வேண்டாம். அங்கே நான் ஒருத்தனை அடிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் நீங்கள் வந்தால் உங்கள் மூக்குப் போகும். மல்லாக்க நீந்துகிறவனுக்குப் போகிற திசையில் கண் கிடையாது.

உட்காருங்கள். இங்கே நீச்சல் பழக்குகிற பையன் அப்சல் தண்ணீரில் மருந்து கலக்கிக்கொண்டிருக்கிறான். அவன் விசில் ஊதினால்தான் இறங்க வேண்டும், கால் மணி நேரம் ஆகும். இறங்கும்போது அந்த மூலை ஏணியில் கால் வைக்காதீர்கள், பாசி. தேய்த்து வை என்று நேற்றே கத்தினேன். பையன் கேட்பதில்லை. நீங்கள் புதிது என்று தொப்பியைப் பார்த்தே தெரிகிறது, தையல் வெளியே இருக்கிறது. திருப்பிப் போடுங்கள். உங்களுக்கும் முதுகுதானா? எனக்கும் அதுதான். முப்பத்தாறு வருஷம் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினேன். கீழ் முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருப்பது பிதுங்கிவிட்டது என்று டாக்டர் படம் காட்டினார். "கத்தி வைக்காம இருக்கணும்னா தண்ணியில மல்லாக்கப் படுத்து நீந்துங்க" என்றார்.

நல்லவேளை, மல்லாக்க என்றார். குப்புற என்றிருந்தால் கத்தியே வையுங்கள் என்றிருப்பேன். என் முகம் தண்ணீருக்குள் போகாது. நாற்பத்திரண்டு வருஷமாகப் போனதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன், ஈரத் துண்டால் துடைப்பதோடு சரி. தீபாவளிக்கு எண்ணெய் வைத்தால் என் மனைவி பாவாயி பின்பக்கமாக நின்று, சொம்பைச் சாய்த்து, பயந்து பயந்து ஊற்ற வேண்டும். முகத்தில் ஒரு சொட்டு வழிந்தால் சொம்பு சுவரில் போய் மோதும். எங்கள் வீட்டில் நசுங்காத சொம்பு கிடையாது.

இதெல்லாம் ஒருத்தன் செய்த வேலை. பெயர் பொங்கியண்ணன். இன்றைக்கு வருவான். இருபத்திரண்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் வருகிறான். இரண்டாவது லேன் அவனுடையது.

சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு நியாயம் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கள் ஊர்க் கிணற்றில் தவளைகூட நடந்துதான் போகும், அவ்வளவு வறட்சி. நீச்சல் எங்கே பழகுவது? பிழைக்க ஈரோட்டுக்கு வந்து மண்டியில் சேர்ந்தேன். பொங்கியண்ணனும் அங்கேதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனுக்கும் எனக்கும் சேவல் பைத்தியம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சேவற்கட்டு. பார்த்திருக்கிறீர்களா? காலில் கத்தி கட்டி விடுவார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், சவரக்கத்தி மாதிரி. என்னுடையது செவலை, அவனுடையது கருங்கீரி. மூன்றாவது பறப்பில் என் சேவல் அவன் சேவலின் நெஞ்சைத் திறந்துவிட்டது. திறந்துவிட்டது என்றால் திறந்தேதான் விட்டது தம்பி, உள்ளே துடிப்பது தெரிந்தது. அப்படியும் அது நின்று ஒரு கொத்துக் கொத்திவிட்டுத்தான் விழுந்தது. தோற்ற சேவல் ஜெயித்தவனுக்கு. கோச்சை என்போம். கோச்சையை அவன் கண்முன்னாலேயே பிய்த்து, வறுத்து, எலும்பைக்கூட விடாமல் தின்றேன். நெஞ்சுத் துண்டை அவனிடமே நீட்டி, "உன்ற புள்ளைதான், ருசி பாரு" என்றேன். அவன் வாங்கவில்லை. செத்த சேவலின் காலிலிருந்து அவிழ்த்த கத்தியைத் துணியில் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டான். அதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

தின்றுவிட்டு எல்லாரும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போனோம். அறுபதடிக் கிணறு, மேல்படி வரைக்கும் தண்ணீர். ஒவ்வொருத்தனாகக் குதித்தான். நான் படியிலேயே நின்றேன். "செயிச்ச சேவலுக்குத் தண்ணின்னா நடுக்கமாட்டம் இருக்குது" என்று ஒருத்தன் சொன்னான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அங்கே பையன்கள் நீச்சல் பழகுகிற சுரைப்புருடை ஒரு ஜோடி தொங்கியது. முற்றின சுரைக்காயைக் காயவைத்து உள்ளே வெறுங்கூடாக்கி வைத்திருப்பார்கள். முதுகில் கட்டிக்கொண்டு குதித்தால் மூழ்கவே முடியாது. எடுத்து நானே கட்டிக்கொண்டேன். "நாச்சிமுத்து, நான் கட்டறண்டா, லூசா இருக்குது" என்று பொங்கியண்ணன் கிட்டே வந்தான். ஒரு தள்ளுத் தள்ளினேன். மூட்டை கட்டிப் பிழைக்கிறவனுக்கு முடிச்சுத் தெரியாதா?

குதித்தேன்.

கயிறு கொஞ்சம் இறங்கியது. அவ்வளவுதான். நெஞ்சில் இருந்தது கொஞ்சம் இறங்கியது. தொடைக்கு வந்ததா, முட்டிக்கு வந்ததா, அதுவா முக்கியம்? தலைகீழாக இருக்கிறவனிடம் போய்க் கயிறு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்களா? மேலே என் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு வெயில் காய்ந்தன என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். காயட்டும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நானே நிமிர்ந்திருப்பேன்.

விடவில்லை. அவன் குதித்தான். அந்தக் கத்தியை எடுத்தான். என் புருடையை அறுத்தான்.

மிதப்பதற்கென்று ஒருத்தன் கட்டியிருக்கிறதைத் தண்ணீருக்குள் வந்து கத்தியால் அறுக்கிறான். இதற்கு என்ன பெயர் தம்பி? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். பாருங்கள், இதோ இந்தத் தழும்பு. முட்டிக்கு மேலே நாலு விரல். முதுகில் கட்டின புருடையை அறுக்க வந்தவனுக்குத் தொடையில் என்ன வேலை? என்னைக் குத்தத்தான் வந்தான். குறி தப்பிக் கயிற்றில் பட்டுவிட்டது.

அதோடு விட்டானா? நான் அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். ஓங்கித் தாடையில் குத்தினான். இரண்டு குத்து. என் கை தளர்ந்தது. பின்பக்கமாக வந்து முடியைப் பிடித்து இழுத்துப்போய்ப் படியில் போட்டு, வயிற்றில் முழங்காலை வைத்து அழுத்தினான். தண்ணீரும் கறியும் ஒன்றாக வந்தன. தோற்ற சேவலை என் வயிற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டான் தம்பி. அதற்குத்தான் இத்தனையும். சுற்றி நின்றவர்கள் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். என்னை ஒருத்தனும் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வார்த்தை. நாலு பேர் இருக்கும்போது, "உன்னைக் கொல்லத்தான் அறுத்தேன்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் விட்டுவிடுவேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இத்தனை வயதாயிற்று.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். என் கல்யாணத்தில் மச்சான் ஒருத்தன் பந்தியில் இரண்டு விரலை மேலே நீட்டி என் கால் மாதிரி ஆட்டிக் காட்டினான். அங்கேயே ரசவாளியால் அடித்தேன். முன்பல் இரண்டு வாளிக்குள்ளேயே விழுந்தது. அப்புறம் மண்டியில் ஒருநாள். அவன் அப்போது தராசுக்கு மாறியிருந்தான், மூட்டைகளுக்கு எடை போடுகிற வேலை. யாரோ கிணற்றுக் கதையை எடுத்தார்கள், அவன் சிரித்தான். மூட்டை தூக்குகிற கொக்கி என் கையில் இருந்தது. அவன் முன்கையில் இறக்கினேன். உள்ளே போன கொக்கியைத் திருப்பித்தான் எடுக்க முடிந்தது. ஏழு தையல். போலீஸ் வந்தது. "மூட்டை சரிஞ்சு கொக்கி பட்டுடுச்சுங்க" என்று சொல்லிவிட்டான். என்ன திமிர் பாருங்கள். நான் அடித்தேன் என்று சொல்லக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

பாவாயியிடம் இதையெல்லாம் சொல்வேன். "அவர் அன்னைக்கு அறுக்காம இருந்திருந்தா நீங்க எனக்கு வாய்ச்சிருக்க மாட்டீங்க. அதுக்கு வேணும்னா அவரை அடிங்க, நானும் ஒரு கை போடறேன்" என்பாள். பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது?

சரி, இங்கே வந்த கதைக்கு வருகிறேன். நாலு மாதத்துக்கு முன் சேர்ந்தேன். மூன்றாம் நாள் பார்க்கிறேன், இரண்டாவது லேனில் ஒரு கிழவன் கழுத்தை ஆமை மாதிரி நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று மூச்சு விட்டபடி போகிறான். முன்கையில் ஏழு தையல். சர்க்கரைக்காக வருகிறானாம். அவனும் என்னைப் பார்த்தான். "வாடா நாச்சிமுத்து, தண்ணிக்குள்ள இறங்கிட்டியா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். சந்தோஷமாம் அவனுக்கு. என் ரத்தம் எல்லாம் தலைக்கு ஏறியது. அங்கேயே குதித்துக் கழுத்தை முறித்திருப்பேன். இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கவே அப்போது எனக்குக் கால் உதறும்.

பத்தாம் நாள் ஒன்று நடந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பெரியவர் மல்லாக்க நீந்தி வந்தார். அவர் கை சுழன்று வந்து என் காதில் விழுந்தது பாருங்கள், பளீர் என்று. காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது. அவரை அடிக்கப் போனேன். எல்லாரும் என்னைத்தான் பிடித்தார்கள். "அய்யா, அவருக்குத் தெரியாதுங்க. மல்லாக்க வர்றவங்களுக்கு எப்படிங்க தெரியும்? யாரும் தப்புச் சொல்ல முடியாது" என்றான் அப்சல்.

யாரும் தப்புச் சொல்ல முடியாது. அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் பழகின மாதிரி இந்தக் குளத்தில் எவனும் பழகினதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், மருந்து கலக்கி முடிக்கட்டும். முதல் விஷயம், தலை. புதிதாக வருகிறவன் காலைப் பார்க்கத் தலையைத் தூக்குவான். தூக்கினால் இடுப்பு இறங்கும், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், அப்புறம் நகரவே நகராது. காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கண் ஆகாயத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு மாதம் தலை நிற்கவில்லை. அப்சல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் நெற்றியில் வைத்தான். "தலையில மூட்டை இருக்குதுன்னு நெனச்சுக்குங்க அய்யா. கழுத்தை ஆட்டுவீங்களா?" அதற்குப் பிறகு ஆடவில்லை. டம்ளர் கவிழ்ந்தால் முகத்தில் கொட்டும். அந்தப் பயமே போதும்.

இரண்டாவது, கால். முட்டியை மடக்கி உதைக்கக் கூடாது. சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைத்துத்தான் எல்லாரும் அங்கே மாட்டுவார்கள். தொடையிலிருந்து உதைக்க வேண்டும், பாதம் துணி மாதிரி தளர்ந்திருக்க வேண்டும், முட்டி தண்ணீருக்கு மேலே வரவே கூடாது. வயிற்றை யாரோ கயிறு கட்டி மேலே இழுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கை. காதை ஒட்டி நேராகப் போக வேண்டும், சுண்டுவிரல் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும், தோள் கூடவே உருள வேண்டும். தோள் உருண்டால்தான் அடியில் பலம் இருக்கும். நீச்சலைத்தான் சொல்கிறேன்.

கையில்தான் எனக்கும் அப்சலுக்கும் சண்டை. "விரலை நீட்டுங்கய்யா, ஏன் குத்துச்சண்டை போடறீங்க?" என்பான். என் வலது கை கொக்கி பிடித்த கை. ஒருமுறை இறுக்கினால் தானாக விரியாது. இடது கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்த வேண்டும். டாக்டர் அதற்கும் ஒரு பெயர் சொன்னார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. விரித்த கையால் அடித்து யார் மூக்கு உடைந்திருக்கிறது?

ஒருநாள் என் கால் மிதக்கவே மாட்டேன் என்றது. இங்கே தொடைக்கு நடுவில் வைக்கிற மிதவைக் கட்டை ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதை எடுத்து, நழுவாமல் இருக்கட்டும் என்று துண்டால் இரண்டு கணுக்காலிலும் வைத்துக் கட்டிவிட்டேன். படுத்தேன். கால் மேலே போச்சு, தலை கீழே போச்சு. மூக்கு, வாய், எல்லாம் தண்ணீர். எதைப் பிடித்தும் நிமிர முடியவில்லை. அப்சல் பாய்ந்து வந்தான், துண்டை இழுத்து அறுத்துக் கட்டையைப் பிடுங்கி எறிந்தான், முடியைப் பிடித்துத் தூக்கினான். "என்னங்கய்யா இது? மிதக்கிறதைக் கால்ல கட்டுனா தலைதான் முழுகும். இன்னும் அரை நிமிசம் போயிருந்தா அவ்வளவுதான்" என்றான். பையன் கண்ணில் தண்ணீர். நல்ல பையன் தம்பி. எவ்வளவு சட்டென்று புத்தி வேலை செய்கிறது பாருங்கள். மறுநாள் பாவாயியை அதிரசம் சுடச் சொல்லி ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றைக்குப் பொங்கியண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான்.  அதிரசத்தில் அவனுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அப்புறம் கணக்கு. மேலே குறுக்கே கொடிக் கயிறு தொங்குகிறது, தெரிகிறதா? கொடி கண்ணில் பட்டதும் எத்தனை கை போட்டால் சுவர் வரும் என்று எண்ணிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் மண்டை உடையும். எனக்கு ஏழு. அதே மாதிரி அவனையும் எண்ணினேன். அவன் அந்தப் பக்கத்து ஆழச் சுவரைத் தொட்டுத் திரும்புகிற நேரத்தில் நான் இந்தப் பக்கம் கிளம்பினால், என்னுடைய பதினாறாவது கையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வருவோம். நான் மூன்றாவது லேன், அவன் இரண்டாவது. நடுவில் ஒரு மிதவைக் கயிறு. கை கொஞ்சம் அகலமாகப் போனால் போதும். ஒரு மாதம் இதையே ஒத்திகை பார்த்தேன். வீட்டில் கட்டிலில் மல்லாக்கப் படுத்துத் தவிட்டு மூட்டையைப் பக்கத்தில் தொங்கவிட்டு அடித்தேன். மூட்டை கிழிந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அப்சல் கேட்டில் யாருக்கோ ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தான். மற்ற கிழவர்கள் எல்லாம் ஆழம் குறைந்த பக்கம் நின்று அவரவர் சர்க்கரையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் சுவரைத் தொட்டான். நான் கிளம்பினேன். தலை ஆடவில்லை. முட்டி மேலே வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. காது உள்ளே இருந்தால் பக்கத்தில் வருகிறவன் தண்ணீரை உதைப்பது நன்றாகக் கேட்கும். பதின்மூன்று, பதினான்கு. தோளை உருட்டினேன். பதினாறு.

சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம். சந்தோஷமாக இருந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். நாற்பத்திரண்டு வருஷத்துச் சந்தோஷம். அந்த வேகத்தில் இன்னும் இரண்டு கை போட்டுவிட்டு மிதவைக் கயிற்றைப் பிடித்து நின்றேன். நின்றேன் என்றால் தொங்கினேன், அங்கே எட்டடி ஆழம். திரும்பிப் பார்த்தேன். தண்ணீரில் சிவப்பு. அவன் தொப்பி மட்டும் மிதந்தது. ஆளைக் காணோம்.

சரி, போகட்டும் என்று இருந்தேன். எண்ணினேன். ஒன்று, இரண்டு. மேலே வருவான், வந்து கத்துவான், நாலு பேர் ஓடி வருவார்கள், அப்போது கேட்கலாம். ஐந்து, ஆறு. வரவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இவன் செத்துப்போனால் அந்த வார்த்தையை யார் சொல்வது? கொல்லத்தான் அறுத்தேன் என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நாற்பத்திரண்டு வருஷம் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியவனையே கீழே விடுவதா?

உள்ளே பார்த்தேன். கண் எரிந்தது, மருந்துத் தண்ணீர். அவன் கீழே மடிந்து கிடந்தான், பிரித்துப்போட்ட சாக்கு மாதிரி. இன்னும் இறங்கினேன். மூட்டையில் கொக்கி மாட்டுகிற மாதிரி அவன் தாடைக்கு அடியில் விரலை மாட்டினேன். குரல்வளையை நெரித்துக் கேட்கத்தான் மாட்டினேன். தாடையைப் பிடித்தபடியே மேலே வந்தேன். வந்த பிறகு பார்த்தால் என் விரல் விரியவில்லை. இடது கையால் நிமிர்த்தலாம் என்றால் அந்தக் கையை விட்டால் நானே மூழ்குவேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், மல்லாக்கப் படுப்பது. படுத்தேன். உதைத்தேன். என் உயிருக்குத்தான் உதைத்தேன் தம்பி, அவன் மாட்டிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். அவன் தலை என் நெஞ்சில் கிடந்தது. அவன் மூக்கு ரத்தம் என் கழுத்தில் சூடாக வழிந்தது. வயிறு மேலே இருந்தது. முட்டி வரவில்லை. கொடி கண்ணில் பட்டது. இடது கையால் மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினொன்றில் சுவர் இடித்தது.

தூக்கிப் போட்டார்கள். அப்சல் அவன் நெஞ்சை அழுத்தினான். தண்ணீராகக் கக்கினான், என் காலிலேயே கக்கினான். என் விரல் இன்னும் அவன் தாடையில்தான். இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அப்சல் அழுகிறான். "அய்யா, தாடையைப் புடிச்சு முகத்தை மேல வச்சு இழுத்தீங்களே, அதான் முறை. உங்களுக்கு யாருங்க சொல்லிக் கொடுத்தாங்க? இன்னைக்குத்தான் உங்க இடுப்பு முழுசா மேல இருந்துச்சு" என்றான்.

நான் கத்தினேன். "நான்தாண்டா அடிச்சேன்! இந்தக் கையால அடிச்சேன்!"

"அதிர்ச்சியில பேசறாரு, சூடா டீ குடுங்க" என்றார்கள்.

குளத்துக்காரர் மறுநாள் எனக்குத் துண்டு போர்த்தினார். போட்டோ எடுத்து எல்லார் செல்போனுக்கும் அனுப்பினார்கள். அதில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

அவன் என்ன சொன்னானாம் தெரியுமா? மிதவைக் கயிற்றில் மூக்கு இடித்துவிட்டதாம்.

பாவாயி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அவன் மூக்கில் பஞ்சு, கண்ணைச் சுற்றிக் கருப்பு. மகள், மருமகன், பக்கத்துக் கட்டில்காரன், நர்ஸ். நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். இதுதான் நேரம் என்று நின்றேன்.

"என்றா, கயித்துல இடிச்சுதுன்னு எதுக்குடா சொன்னே?"

"பின்ன? இந்த வயசுல உன்னை ஸ்டேசனுக்கு நடக்க விடறதா? முதுகு வேற சரியில்லைங்கறே."

"நான் அடிச்சதுன்னு தெரியுமில்ல?"

"கண்ணை மூடிட்டிருந்தாலும் உன்ற கை தெரியாதாடா எனக்கு?"

"அப்பச் சொல்லு. இவங்கெல்லாம் இருக்கறாங்க. அன்னைக்குக் கிணத்துல என்னைக் கொல்லத்தானே அறுத்தே?"

அவன் மகள் வெடுக்கென்று எழுந்தாள். அவன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். 

"ஆமா நாச்சிமுத்து. கொல்லத்தான் அறுத்தேன். கத்தி சின்னதாப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்ததில் பஞ்சு சிவந்தது. பாவாயியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருஷமாகக் கேட்ட வார்த்தை தம்பி. அழுகிற குழந்தையிடம் மிட்டாயை நீட்டுகிற மாதிரி நீட்டினான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது கணக்கில் வராது. அடிபட்டுச் சொல்ல வேண்டும், பயந்து சொல்ல வேண்டும், அப்போதுதான் அது வார்த்தை.

கிளம்பும்போது, "நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு, நீ எதுக்குடா என்னை இழுத்தே?" என்று கேட்டான்.

"விரல் விரியலை" என்றேன்.

"எனக்கும் அன்னைக்கு அதேதாண்டா" என்றான்.

பொய்யைப் பாருங்கள். அவன் தராசு பிடித்தவன். அவன் விரல் எல்லாம் நன்றாக விரியும்.

இந்த இருபத்திரண்டு நாளும் நான் ஒருநாள்கூட விடவில்லை. ஆனால் நீச்சல் சரியாக வரவில்லை. பக்கத்து லேன் காலியாக இருந்தால் எதை வைத்து எண்ணுவது? பதினாறாவது கை சும்மா தண்ணீரில் விழுகிறது. நேற்று அவன் மகளிடம் பாவாயி போனில் கேட்டாள், வருவான் என்றார்கள். ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். தினமும் ஐந்து ஐம்பதுக்கு வந்துவிடுவான். இப்போது மணி என்ன? ஆறு தாண்டிவிட்டதா? உங்கள் கடிகாரம் சரிதானா? ஆறு நாலா? வழியில் ஏதாவது மயக்கம் கியக்கம், சர்க்கரைக்காரன் வேறு...

இருங்கள். கேட் சத்தம்.

அவன்தான். இளைத்துவிட்டான். மூக்கு கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறது, நல்லது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான் பாருங்கள். நான் ஆட்ட மாட்டேன். நீங்களும் ஆட்டாதீர்கள். அப்சல் விசில் ஊதிவிட்டான், எழுந்திருங்கள். நீங்கள் நாலாவது லேன். தலையைத் தூக்காதீர்கள், வயிறு மேலே, சுண்டுவிரல் முதலில். இன்றைக்கு அவனைச் சொல்ல வைக்காமல் நான் கரையேற மாட்டேன். ஒரே அடி, அதே இடத்தில்...

எங்கே போகிறான் இவன்? டேய்! டேய், அந்த ஏணி வேண்டாண்டா, பாசி! கண்ணைத் தொறந்து பாரு, வழுக்கும்! இந்தப் பக்கம் வா. கம்பியைப் புடி. ரெண்டு கையாலயும் புடிடா!